கிள்ளுவதற்கு முன்னால் ஸ்கேன்: தலை, கழுத்தில் வரும் அபூர்வக் கட்டிகள்

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. ஆறு மாதமாக ஒரு பக்க மூக்கடைப்பு, அடிக்கடி ரத்தம் கொட்டுகிறது. உள்ளே சதை தெரிகிறதாம். கொஞ்சம் கிள்ளி பயாப்சிக்கு அனுப்பலாம் என்கிறார்கள். செய்யலாமா டாக்டர்?

பதில்: இப்போது வேண்டாம் அம்மா. பதின்ம வயதுப் பையன், மூக்கடைப்பு, திரும்பத் திரும்ப ரத்தம் என்றாலே எங்களுக்கு ஆஞ்சியோஃபைப்ரோமா நினைவுக்கு வந்துவிடும். அது புற்றுநோய் இல்லை. ஆனால் கட்டி முழுக்க ரத்தக்குழாய்கள். அவற்றின் சுவரில் சுருங்கி ரத்தத்தை நிறுத்தும் தசை சரியாக இருக்காது. பயிற்சிக் காலத்தில், புறநோயாளிப் பிரிவில் ஒரு பையனுக்கு இப்படிக் கிள்ளியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மூக்கில் திணித்த துணி உடனே நனைந்தது. விழுங்கிய ரத்தத்தை அவன் வாந்தியெடுத்தான். இன்றும் மறக்கவில்லை.

முதலில் மருந்து ஏற்றி சிடி, எம்ஆர்ஐ எடுங்கள். மேல்தாடை சைனஸின் (கன்ன எலும்புக்குள் இருக்கும் காற்றறையின்) பின்சுவர் முன்பக்கமாக வளைந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். பெரும்பாலும் ஸ்கேனே போதும், பயாப்சி தேவைப்படாது. அறுவைக்கு ஓரிரு நாள் முன்பு தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு, கட்டிக்கு ரத்தம் போகும் பாதையை அடைப்பார்கள். அப்புறம் பல பேருக்கு மூக்குத் துவாரம் வழியாகவே எண்டோஸ்கோப்பில் எடுத்துவிடலாம்.

கேள்வி: கழுத்தில் துடிக்கிற கட்டி. பக்கவாட்டில் நகர்கிறது, மேலும் கீழும் நகரவில்லை. ஊசி குத்திப் பார்க்கலாமா?

பதில்: இதற்கும் ஸ்கேன்தான் முதலில் தம்பி. தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோடிட் ரத்தக்குழாய் பிரியும் இடத்தில் வரும் பாராகாங்லியோமாவாக இருக்கலாம். அதுவும் ரத்தக்குழாய்கள் நிறைந்த கட்டிதான். பிபி, படபடப்பு, வியர்வை இருந்தால் மெட்டாநெஃப்ரின் சோதனையும் (கட்டி அட்ரினலின் போன்ற ஹார்மோன்களைச் சுரக்கிறதா என்று ரத்தத்திலோ சிறுநீரிலோ பார்ப்பது) வேண்டும். அத்தை, பெரியப்பா, சித்தப்பா யாருக்காவது கழுத்துக்கட்டி இருந்ததா என்று விசாரியுங்கள். ஏனென்றால் இது குடும்பத்தில் வரலாம்; எஸ்டிஹெச்டி (SDHD) என்ற மரபணுவில் உள்ள கோளாறு அப்பாவிடமிருந்து வந்தால்தான் பெரும்பாலும் கட்டியாகும்.

கேள்வி: காதுக்குக் கீழே கட்டி. ஊசி குத்தினால் பரவிவிடும் என்று பயமுறுத்துகிறார்கள்.

பதில்: உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிக்கு அந்தப் பயம் வேண்டாம். மெல்லிய ஊசிச் சோதனை அவசியம், தைரியமாகச் செய்யுங்கள்.

கேள்வி: அண்ணத்தில் அடினாய்டு சிஸ்டிக் கட்டிக்கு அறுவை, ரேடியேஷன் முடிந்து ஐந்து வருஷம். இனி செக்கப் வேண்டாம்தானே?

பதில்: ஐயா, தயவுசெய்து நிறுத்தாதீர்கள். இது உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் ஒரு புற்றுநோய். மெதுவாக வளரும், நரம்பைப் பிடித்துக்கொண்டே போகும். பத்து, பதினைந்து வருஷம் கழித்தும் நுரையீரலில் தலைகாட்டும். அதனால் மார்பையும் ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்லுங்கள். கன்னமோ உதடோ மரத்துப்போனால் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் உடனே போய்விடுங்கள்.