வேர்ட்பிரஸ் பிளகின் தானாகவே ஆஃப் ஆகிவிடுவது ஏன்?

யாரும் தொடாமலே பிளகின் அணைந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது ஃபைலைத்தான். அட்மினில் 'பிளகின்ஸ்' பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம், ஆக்டிவாக உள்ள ஒவ்வொன்றின் முதன்மை பிஎச்பி ஃபைலும் இருக்கிறதா என்று வேர்ட்பிரஸ் பார்க்கும். இல்லையென்றால் ஆக்டிவ் பட்டியலிலிருந்து அந்தப் பிளகினை நீக்கிவிடும். ஃபைலைத் திரும்ப வைத்தாலும் தானாக ஆன் ஆகாது. அப்டேட் பாதியில் நின்றது, எஃப்டிபியில் (சர்வருக்கு ஃபைல்களை அனுப்பும் வழி) ஃபோல்டர் பெயர் மாறியது, ஹோஸ்டிங்கின் மால்வேர் ஸ்கேனர் ஃபைலைத் தூக்கியது: பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான். ஸ்கேனர் என்றால் அதன் குவாரன்டைன் பட்டியலை, அதாவது அது ஒதுக்கி வைத்த ஃபைல்களின் பட்டியலைப் பாருங்கள்.

ஃபோல்டர் சரியாக இருந்தால், பிளகின் தன்னைத்தானே அணைத்திருக்கலாம். பிஎச்பி பதிப்பு பொருந்தவில்லை, அது சார்ந்திருக்கும் வேறொரு பிளகின் இல்லை என்றால் சில அப்படிச் செய்யும்.

எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்ததா? டேட்டாபேஸில் ஆப்ஷன்ஸ் டேபிளின் 'ஆக்டிவ் பிளகின்ஸ்' வரிசையைப் பாருங்கள். அது சீரியலைஸ் செய்த தரவு, அதாவது ஒவ்வொரு ஃபைல் பெயரோடும் அதன் எழுத்து எண்ணிக்கையும் சேர்த்து ஒரே வரியாக எழுதப்பட்டது. ஃபைல் பெயரை மட்டும் கையால் திருத்தி எழுத்து எண்ணிக்கையை விட்டுவிட்டால் மொத்தப் பட்டியலும் செல்லாது.

2019இல் வேர்ட்பிரஸ் 5.2 பதிப்போடு வந்த ரெக்கவரி மோடை (பிளகின் எரரால் தளம் முடங்கினால் அட்மின் உள்ளே நுழைந்து சரிசெய்ய உதவும் வசதி) இதோடு குழப்ப வேண்டாம். அது பிளகினை நிறுத்துவது அந்த மோடில் நுழைந்தவருக்கு மட்டுமே. பார்வையாளருக்கு எரர் தொடரும்.

காரணம் பிடிபடவில்லையா? வேர்ட்பிரஸ் கான்ஃபிக் ஃபைலில் எரர்களைப் பதிவு செய்யும் டீபக், டீபக் லாக் அமைப்புகள் இரண்டையும் ட்ரூ ஆக்குங்கள், எரரைத் திரையில் காட்டும் டீபக் டிஸ்ப்ளேயை ஃபால்ஸ் ஆக்குங்கள். எரர்கள் கன்டென்ட் ஃபோல்டரில் உள்ள லாக் ஃபைலில் நேரத்தோடு சேரும்.