ப்ரைமரியில தோத்தவங்களோட ஆதரவாளர்கள், அதே கட்சியில ஜெயிச்சவரை உடனே ஏத்துக்காம ஏன் அழுது ஆர்ப்பாட்டம் பண்றாங்க? இது முதிர்ச்சி இல்லாததுதானே?

முதிர்ச்சி இல்லாததுன்னு போட்டிருக்கீங்க பாருங்க, அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பதில் எழுதறேன். இல்லேன்னா அரசியல் கேள்வி பக்கமே நான் போறதில்ல.

உங்க கேள்விய படிச்சா எனக்கு என்ன தோணுதுன்னா, உங்க ரூம்மேட்டோ தங்கச்சியோ யாரோ ஒருத்தர் தன்னோட ஆள் தோத்துட்டாங்கன்னு மூஞ்சிய தூக்கி வச்சிட்டு இருக்காங்க, நீங்க ஜெயிச்ச பக்கம், அவங்க இன்னும் வாழ்த்து சொல்லலன்னு உங்களுக்கு எரிச்சல். தப்பா இருந்தா மன்னிச்சுக்கோங்க. ஆனா 2008 ஜூன் மாசம் அந்த மூஞ்சிய தூக்கி வச்சிட்டு இருந்தவ நான்.

அந்த வருஷம் டெமாக்ரட்டிக் கட்சியோட ஜனாதிபதி வேட்பாளர் யாருன்னு ஒபாமாவும் ஹிலாரி கிளின்டனும் மோதினாங்க, நான் ஹிலாரி பக்கம். முதல்லயே சொல்லிடறேன், நான் ஒபாமாவுக்கு எதிரி கிடையாது. 2008 நவம்பர்ல அவருக்குத்தான் ஓட்டு போட்டேன், 2012லயும் அவருக்குத்தான். ஹிலாரி 2002ல ஈராக் போருக்கு ஆதரவா ஓட்டு போட்டாங்களே அது சரியான்னு கேப்பீங்க, சரியில்ல, அன்னிக்கும் சரியில்லன்னுதான் சொன்னேன். அதையெல்லாம் தெரிஞ்சேதான் அவங்க பக்கம் நின்னேன்.

நான் திருச்சிக்காரி. 1996ல மூணு வயசு பொண்ணோட நியூஜெர்சி வந்தேன், 2007ல சிட்டிசன்ஷிப். என் வாழ்க்கையில நான் இந்த ஊர்ல போட்ட முதல் ஓட்டு 2008 பிப்ரவரி 5, நெறைய மாநிலம் ஒரே நாள்ல ஓட்டு போடற சூப்பர் ட்யூஸ்டே அன்னிக்கு, எங்க ஏரியா ஸ்கூல் ஜிம்ல, ஹிலாரிக்கு. நியூஜெர்சியில அவங்க ஜெயிச்சாங்க.

ஊர்ல இருக்கறவங்களுக்கு ஒரு விஷயம் புரியறது கஷ்டம். நம்மூர்ல வேட்பாளர் யாருன்னு கட்சித் தலைமை அறிவிக்கும், நாம கொடி புடிப்போம். இங்க அந்த வேட்பாளர் யாருன்னு முடிவு பண்றதே சாதாரண ஜனங்க, அதுக்கு நடக்கற உள்கட்சித் தேர்தல்தான் ப்ரைமரி. 2008ல ஜனவரி 3 அயோவாவுல ஆரம்பிச்சு ஜூன் 3 மொன்டானா, சவுத் டகோட்டா வரைக்கும் அஞ்சு மாசம். அந்த அஞ்சு மாசமும் நீங்க சண்டை போடறது எதிர்க்கட்சியோட இல்ல, உங்க கூடவே ஒரே பக்கம் நிக்கற ஆளுங்களோட. எதிரிகிட்ட தோத்தா கோவம்தான் வரும். கூடப்பிறந்தவங்ககிட்ட தோத்தா அது வேற மாதிரி வலி.

எனக்கு இது எப்ப மனசுக்குள்ள போச்சுன்னா ஜனவரி 7. நியூஹாம்ப்ஷயர்ல சேலம்ங்கற ஊர்ல ஹிலாரி பேசிட்டு இருக்கும்போது ரெண்டு ஆம்பளைங்க எழுந்து "என் சட்டைய அயர்ன் பண்ணு"ன்னு கத்தினாங்க. அமெரிக்க ஜனாதிபதி பதவிக்கு நிக்கற செனட்டர்கிட்ட. அன்னிக்கே போர்ட்ஸ்மவுத்ல ஒரு காபி கடையில அவங்களுக்கு லேசா கண் கலங்கிச்சு, அதுக்கு டிவில என்னா பேச்சு, நடிப்புன்னான் ஒருத்தன், பலவீனம்னான் இன்னொருத்தன். காலையில அஞ்சரைக்கு எழுந்து மூணு பேருக்கு டப்பா கட்டி, சட்டைய அயர்ன் பண்ணி வச்சிட்டு ஆபீஸ் ஓடுற ஒருத்திக்கு அத பாக்கும்போது எப்படி இருக்கும்?

அப்புறம் நான் சும்மா இருக்கல. காலியா கெடந்த ஒரு கடைய வாடகைக்கு எடுத்து ஹிலாரி பிரச்சார ஆபீஸ் போட்டிருந்தாங்க, அங்க போய் ஓட்டு கேட்டு போன் பண்ணுவோம். அப்பல்லாம் ராத்திரி 9 மணிக்கு மேலயும் சனி ஞாயிறும்தான் செல்போன்ல பேசறது ஃப்ரீ, அதனால வீக்கெண்ட்னா அவங்கவங்க போனையும் சார்ஜரையும் எடுத்துட்டு வந்துருவோம். என் இங்கிலீஷ கேட்டுட்டு பாதி பேர் கால் சென்டர்னு நெனச்சு வச்சிருவாங்க. நான் மறுபடி அடுத்த நம்பர். பென்சில்வேனியாவுல ஏப்ரல் 22 தேர்தல், அதுக்கு முன்னாடி மூணு சனிக்கிழமை அலன்டவுன் போய் வீடு வீடா கதவு தட்டினேன். குளிர்ல கை வெறச்சுப் போகும். அங்க கிட்டத்தட்ட 9 சதவீத வித்தியாசத்துல அவங்க ஜெயிச்சப்போ, அதுல ஒரு பத்து ஓட்டாவது என்னோடதுன்னு எனக்கு இருந்துச்சு. இப்பவும் இருக்கு.

அதனால மே 31 அன்னிக்கு கட்சியோட விதிகள் கமிட்டி வாஷிங்டன்ல ஒரு ஹோட்டல்ல கூடினப்போ, நாள் முழுக்க டிவி முன்னாடியே உக்காந்திருந்தேன். மிச்சிகனும் ஃப்ளோரிடாவும் கட்சி சொன்ன தேதிக்கு முன்னாடியே தேர்தல் வச்சிட்டதால அவங்க டெலிகேட்ஸ், அதாவது மாநாட்டுல வேட்பாளருக்கு ஓட்டு போடற பிரதிநிதிங்க, செல்லாதுன்னு சொல்லியிருந்தாங்க. அன்னிக்கு என்ன முடிவு பண்ணாங்கன்னா அந்த டெலிகேட்ஸ் ஒவ்வொருத்தருக்கும் அரை ஓட்டு. மிச்சிகன்ல ஒபாமா பேரே ஓட்டுச் சீட்டுல இல்ல, அவரே எடுத்துட்டாரு, ஆனாலும் ஹிலாரிக்கு 69, ஒபாமாவுக்கு 59-ன்னு பிரிச்சுக் குடுத்தாங்க. ஹால்ல இருந்த பொம்பளைங்க "டென்வர் டென்வர்"னு கத்தினாங்க, அதாவது ஆகஸ்ட்ல டென்வர்ல நடக்கப்போற மாநாடு வரைக்கும் விடமாட்டோம்னு. நீங்க ஆர்ப்பாட்டம்னு சொல்றது அதத்தான்.

சரி, நியாயமாவும் பேசணும். அந்த ரெண்டு மாநிலமும் செல்லாதுன்னு கட்சி முடிவு பண்ணப்போ ஹிலாரி பக்கமும் ஒத்துக்கிட்டாங்க. டெக்சாஸ்ல ப்ரைமரில ஜெயிச்சும் அதே நாள் ராத்திரி நடந்த காகஸ்னால, அதாவது ஜனங்க நேர்ல கூடி முடிவு பண்ற கூட்டத்தால, ஒபாமாவுக்குத்தான் அதிகம் டெலிகேட்ஸ் போச்சு, அதுவும் விதி. ஒபாமா ஆளுங்க அந்த விதிய நல்லா படிச்சு சின்ன சின்ன மாநிலத்துல எல்லாம் வேலை செஞ்சாங்க, இவங்க செய்யல. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிஞ்சா வலிக்காதா?

ஜூன் 3, செவ்வாய்க்கிழமை ராத்திரி. ஜெயிக்கத் தேவையான 2,118 டெலிகேட்ஸ ஒபாமா தாண்டிட்டாருன்னு டிவில போட்டாங்க. அதே ராத்திரி சவுத் டகோட்டாவுல ஹிலாரி ஜெயிச்சாங்க, யாருக்கு வேணும் அது. என் பொண்ணுக்கு அப்ப 15 வயசு, ஒபாமா டீஷர்ட்ட மாசக்கணக்கா கழட்டாம போட்டிருந்தா. சோஃபா மேல ஏறி குதிச்சா. குதிக்கட்டும், அவ வயசு. நான் கிச்சன்ல போய் தேய்ச்ச பாத்திரத்தையே திரும்பத் தேய்ச்சிட்டு இருந்தேன். அவ வந்து எட்டிப் பாத்துட்டு "அம்மா, ஓவர்மா, இன்னும் என்ன, கெட் ஓவர் இட்"னா. முடிஞ்சு ஒரு மணி நேரம்கூட ஆகல.

மறுநாள் ஆபீஸ். என் பக்கத்து சீட்ல ஒரு கறுப்பினத்தவர், அம்பது வயசுக்கு மேல, சவுத் கரோலினாவுல பிறந்தவர். அஞ்சு மாசமா நாங்க ரெண்டு பேரும் இதப்பத்தி பேசாம ஜாக்கிரதையா இருந்தோம். அன்னிக்கு காலைல அவர் காபி வாங்கப் போறப்போ எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வந்து வச்சாரு. ஒண்ணும் சொல்லல. மத்தியானம் நானே "வாழ்த்துக்கள்"னு சொன்னேன், சொல்லும்போதே தொண்ட அடைச்சுது. அவர் சேரை என் பக்கம் திருப்பி உக்காந்து, எங்கப்பா கறுப்பினத்தவங்க ஓட்டுரிமைக்கான 1965 சட்டம் வர்ற வரைக்கும் ஓட்டு லிஸ்ட்லயே பேரு சேக்க முடியாம இருந்தவரு, நேத்து ராத்திரி அவர நெனச்சிட்டுத்தான் உக்காந்திருந்தேன், நீ எவ்ளோ உழைச்சேன்னு எனக்கு தெரியும்னாரு. அவ்வளவுதான் பேசினாரு. எனக்கு முதல் தடவையா அந்தப் பக்கத்து சந்தோஷம் எவ்ளோ பெருசுன்னு புரிஞ்சுது. அஞ்சு மாசமா டிவில ஆயிரம் பேர் கத்தினது என் மண்டையில ஏறல, அவரு சொன்ன ஒரு வார்த்த ஏறிச்சு. ஏன்னா அவரு என்னை மனச தேத்திக்கோன்னு சொல்லல.

ஜூன் 7 சனிக்கிழமை ஹிலாரி வாஷிங்டன்ல நேஷனல் பில்டிங் மியூசியத்துல வாபஸ் வாங்கிப் பேசினாங்க. கூட அவங்க அம்மா நின்னாங்க. 1919ல பிறந்தவங்க அந்தம்மா, நாடு முழுக்க பொம்பளைங்களுக்கு ஓட்டுரிமைன்னு அரசியல் சட்டத்துல வந்ததே 1920ல. பொம்பளைங்கள மேல ஏற விடாத கண்ணுக்குத் தெரியாத தடைய கண்ணாடிக் கூரைம்பாங்க, அந்த உயரமான கண்ணாடிக் கூரைய நம்மளால உடைக்க முடியல, ஆனா அதுல 1 கோடியே 80 லட்சம் விரிசல் இருக்குன்னாங்க. அவங்களுக்கு விழுந்த ஓட்டோட கணக்கு அது. அதுல ஒரு விரிசல் நான். ஹால்ல ஒபாமா பேர சொன்னப்போ கைதட்டலோட கொஞ்சம் பேர் ஊளையும் இட்டாங்க, அவங்க கண்டுக்காம அவருக்காக உழைங்கன்னு திரும்பத் திரும்ப சொன்னாங்க. நான் அழுதேன். எங்கப்பா போனப்போ அழுத மாதிரி அழுதேன், மிகைப்படுத்தல.

அன்னிக்கு சாயங்காலமே எங்க தமிழ்க் குடும்பங்க சேர்ந்து சாப்பிடற கூட்டம் ஒரு வீட்டு பேக்யார்டுல. ரவா கேசரி செஞ்சு எடுத்துட்டுப் போனேன். வழக்கம் போல ஆம்பளைங்க சேர் போட்டு வட்டமா உக்காந்திருக்காங்க. என் வீட்டுக்காரரோட ஃப்ரெண்ட் ஒருத்தர், நாங்க அண்ணான்னு கூப்பிடுவோம், "என்ன, உங்க தலைவி கடைசில கடையை மூடிட்டாளே"ன்னு ஆரம்பிச்சாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் "புருஷன் பேர வச்சு வந்தவ தானே, அவளுக்கு வேற என்ன தகுதி"ன்னாரு. இத்தனைக்கும் அவரு பிப்ரவரில ஓட்டே போடல, லீவு கிடைக்கலயாம். நான் கேசரி டப்பாவ மேசைல வச்சிட்டு பொண்ண கூப்பிட்டுட்டு கெளம்பிட்டேன். "இவ ஏன் இதுக்கெல்லாம் இப்படி"ன்னு பின்னாடி யாரோ சொல்றது காதுல விழுந்துச்சு. அந்த வீட்டுக்கு ரெண்டு வருஷம் போகல.

இதுக்கும் உங்க கேள்விக்கும் சம்பந்தம் இல்லாத ஒண்ணு சொல்லிக்கறேன், பிடிக்கலேன்னா அடுத்த பத்திக்குப் போயிடுங்க. எங்கப்பா உயில் எழுதாம 2002ல இறந்துட்டாரு. திருச்சி வீடு அவரு சுயமா சம்பாதிச்சுக் கட்டினது, சட்டப்படி அண்ணனுக்கு சமமா எனக்கும் பங்கு. 2003ல போய் அண்ணன் பேருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்தேன். யாரும் என்னை மிரட்டல, நானா மனசாரத்தான் குடுத்தேன், அண்ணன்தான் அப்பாவ கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டான். சப் ரிஜிஸ்டரார் ஆபீஸ்ல கைநாட்டு, கையெழுத்து எல்லாம் முடிஞ்சு வெளிய வந்து, நான் வளந்த வீடு இனி என்னுது இல்லன்னு கொஞ்சம் அமைதியா இருந்தேன். ராத்திரி சாப்பாட்டுல அண்ணி "அதான் முடிஞ்சுதே, இன்னும் ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க"ன்னாங்க. குடுத்துட்டேம்மா, வேற என்ன வேணும் உங்களுக்கு, சிரிச்சுக்கிட்டே குடுக்கணுமா? அண்ணன் ஒரு வார்த்த "உனக்கும் கஷ்டமாத்தான் இருக்கும்"னு சொல்லியிருந்தா போதும். இன்னி வரைக்கும் சொல்லல.

ஏத்துக்கலன்னு கேட்டீங்களே, ஏத்துக்கிட்டாங்க. அந்த ஜூன் மாசம் "எங்க ஓட்டு ஒபாமாவுக்குக் கிடையாது"ன்னு சொன்னவங்க நெறைய பேர், அது நிஜம். ஆகஸ்ட் 27 டென்வர் மாநாட்டுல ஒவ்வொரு மாநிலமா எண்ணிட்டு வர்றப்போ தன்னோட மாநிலமான நியூயார்க் முறை வந்ததும் ஹிலாரியே எழுந்து, எண்ணிக்கைய நிறுத்திட்டு ஒபாமாவ ஒருமனதா அறிவிக்கணும்னு கேட்டாங்க. நவம்பர்ல ஹிலாரிக்கு ஓட்டு போட்ட டெமாக்ரட்ஸ்ல பத்துல எட்டு பேருக்கு மேல ஒபாமாவுக்குத்தான் போட்டாங்க. நானும் செப்டம்பர்ல திரும்ப போன் பண்ண போயிட்டேன், அதே பென்சில்வேனியா நம்பருங்க. மூணு மாசம் ஆச்சு எனக்கு. மூணு மாசம் அதிகமா?

அப்புறம் 2016. இந்த தடவ ஹிலாரி ஜெயிக்கற பக்கம். என் பொண்ணு 23 வயசு, ஓக்லண்ட்ல வேலை, ஹிலாரிய எதிர்த்து நின்ன பெர்னி சாண்டர்ஸ்னா உயிரு. ஜூன் 6 சாயங்காலம் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம், சூப்பர் டெலிகேட்ஸ்கிட்ட, அதாவது ஜனங்க ஓட்டுக்குக் கட்டுப்படாம தன் இஷ்டப்படி ஓட்டு போடற கட்சித் தலைவர்ங்ககிட்ட எல்லாம் பேசி கணக்குப் போட்டு, ஹிலாரிக்கு தேவையான எண்ணிக்கை வந்துடுச்சுன்னு அறிவிச்சிட்டாங்க. கலிபோர்னியா ப்ரைமரி மறுநாள். எட்டு வருஷம் நான் காத்திட்டு இருந்த செய்தி, வீட்டுக்காரர் ஸ்வீட் எடுக்க ஃப்ரிட்ஜ தொறக்கறாரு, போன் அடிக்குது. "அம்மா நான் இன்னும் ஓட்டே போடல, அதுக்குள்ள முடிஞ்சிடுச்சுன்னு சொல்றாங்க"ன்னு அழறா. அவ கோவத்துல நியாயம் இருந்துச்சு, கட்சியே 2018ல விதிய மாத்தி, போட்டி இருந்தா முதல் சுற்றுல சூப்பர் டெலிகேட்ஸ் ஓட்டு போடக்கூடாதுன்னு கொண்டுவந்தாங்க.

அன்னிக்கு போன்ல நான் ஹிலாரி பேரையே எடுக்கல. நாளைக்கு வரிசை நீளமா இருக்கும், சீக்கிரம் எழுந்து போன்னு மட்டும் சொன்னேன். சரின்னா. அப்புறம் ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல, அவளும் வைக்கல, நானும் வைக்கல. வீட்டுக்காரர் கிண்ணத்த கையில வச்சிட்டு எதிர்ல நின்னாரு, வேணாம்னு கை காட்டினேன்.