காக்ளியர் இம்ப்ளான்ட் மேப்பிங்கில் சத்தத்தைக் கூட்டினால் குழந்தைக்கு நன்றாகக் கேட்குமா?

காது கேளாத குழந்தைக்கு உள்காதில் மின்சாரம் கொடுத்துக் கேட்க வைக்கும் கருவிதான் காக்ளியர் இம்ப்ளான்ட், அதன் மின் அளவுகளைக் குழந்தைக்கு ஏற்றபடி அமைப்பது மேப்பிங். இம்ப்ளான்ட் வைத்து ஆறு மாதம் ஆகியும் மகன் கூப்பிட்டால் சரியாகத் திரும்புவதில்லை, அளவைக் கூட்டச் சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உடனே கூட்டச் சொல்லிவிடாதீர்கள். நான் அடம்பிடித்துச் சொன்னேன், கஷ்டப்பட்டது என் மகள்.

நான் ஆடியாலஜிஸ்ட் (கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர்) இல்லை, ஏழு வருடமாக மேப்பிங்குக்கு அலைகிற அம்மா. "தெரியாதவர்கள் மருத்துவம் பேசக்கூடாது" என்று திட்ட வருபவர்கள், அந்தக் குழந்தையோடு நாள் முழுக்க இருப்பது யார் என்று யோசித்துவிட்டுத் திட்டுங்கள்.

மகளுக்கு வைத்தது 22 எலக்ட்ரோடு (உள்காதுக்குள் மின்சாரம் கொடுக்கும் முனை) உள்ள கருவி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு அளவு உண்டு. லேசாகக் கேட்கத் தொடங்கும் மின்னோட்டம் 'டி', உறுத்தாமல் தாங்கக்கூடிய அதிக அளவு 'சி'. டி குறைந்தால் மெல்லிய சத்தம் போய்விடும், மிகுந்தால் சும்மா இருக்கும்போதே இரைச்சல் கேட்கும். சி குறைந்தால் பேச்சு அமுங்கிக் கேட்கும். மிகுந்தால் என்ன ஆகும் என்பதை வீட்டிலேயே பார்த்தேன்.

அப்போது அவள் சாவியை 'ஆவி' என்பாள், சட்டையை 'அட்டை' என்பாள். ஸ் ஒலியே காதில் விழவில்லை. நான் கெஞ்சியதால் எல்லா எலக்ட்ரோடிலும் சி-யை ஏற்றினார்கள். திரும்பும்போது பஸ்ஸில் கண்டக்டர் விசில் அடித்ததும் காயிலை, அதாவது தலையில் காந்தத்தால் ஒட்டியிருக்கும் வெளிப்பகுதியை, பிடுங்கி எறிந்தாள். வீட்டில் குக்கர் விசிலடித்தால் இடது கண் துடிக்கும், வாய் ஓரம் இழுக்கும். மாமியார் வலிப்பு என்று பயந்து மந்திரிக்கக் கூட்டிப்போனார். எலக்ட்ரோடுகள் இருக்கும் காக்ளியாவுக்கு (உள்காதின் நத்தைக்கூடு போன்ற பகுதி) பக்கத்திலேயே முகத்தை அசைக்கும் முகநரம்பு ஓடுகிறது, மின்சாரம் அதையும் தொட்டிருக்கிறது.

அடுத்த முறை வேறொரு ஆடியாலஜிஸ்ட் ஒவ்வொரு எலக்ட்ரோடாக மின்சாரம் கொடுத்துப் பார்த்து, கண்ணைத் துடிக்க வைத்த இரண்டை அணைத்தார். அவற்றின் அதிர்வெண்களை மற்றவை பங்கிட்டுக்கொண்டன. சி-யைப் பழைய அளவுக்கு இறக்கி, உயர்ந்த ஒலிகளுக்கான எலக்ட்ரோடுகளில் டி-யை மட்டும் கொஞ்சம் ஏற்றினார். இரண்டு மாதப் பயிற்சிக்கு அப்புறம் 'சாவி' வந்தது. அன்று சமையலறையில் நின்று அழுதேன்.

ஒவ்வொரு எலக்ட்ரோடும் வினாடிக்கு 900 மின்துடிப்பு கொடுப்பது போதாது, வேகத்தைக் கூட்டச் சொல்லுங்கள் என்றும் சிலர் சொல்வார்கள். கூட்டினால் எல்லோருக்கும் தெளிவு கூடிவிடாது, பேட்டரிதான் சீக்கிரம் தீரும்.

இவ்வளவு பாடுபட்டுப் பேச வைத்த பிள்ளையை, மிஷின் விழுந்துவிடும் என்று சொல்லி ஆண்டு விழா நடனத்திலிருந்து பள்ளியில் எடுத்துவிட்டார்கள். தலையில் பேண்ட் போட்டு அனுப்புகிறேன் என்றேன், கேட்கவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனால் இன்றுவரை ஆறவில்லை.

சரி, உங்கள் மகனுக்கு வருகிறேன். ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ். இந்த ஆறையும் வாயை மறைத்துக்கொண்டு தினமும் சொல்லிப் பாருங்கள். எதற்குத் திரும்பவில்லை, எந்தச் சத்தத்துக்குக் கண் சிமிட்டுகிறான், எப்போது காயிலைக் கழற்றுகிறான் என்று இரண்டு வாரம் குறித்து, அந்த நோட்டை மேப்பிங் அறைக்குக் கொண்டுபோங்கள்.