பாறுகளும் மருந்துக்கடையும்

அன்புள்ள ஐயா,

ஏரி நீரில் உரக்கழிவு சேர்வது பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். மூன்று கட்டுரைகள் வந்துவிட்டன, தலைப்புகளைக் கீழே கொடுத்திருக்கிறேன். ஆனால் ஏரியை நம்பி வாழ்பவர்களுக்கு ஒரு வரிகூடப் போய்ச் சேரவில்லை. பள்ளிகளில் விழிப்புணர்வு முகாம் நடத்தலாமா? யூடியூப் சேனல் தொடங்கலாமா?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

சேனல் தொடங்குவதும் தொடங்காததும் உங்கள் இஷ்டம். முகாம் என்றதும்தான் கோபம் வந்தது. பிள்ளைகளை வெயிலில் நிறுத்திப் பதாகை பிடிக்க வைத்தால் ஏரியில் உரம் குறைந்துவிடுமா?

கொஞ்ச நாட்களாகப் பாறுக் கழுகுகளைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஊரில் மாடு செத்தால் ஊருக்கு வெளியே போட்டுவிடுவார்கள். பாறுகள் இறங்கிவிடும்; அந்தப் பக்கம் போகவே எனக்குப் பயம். இன்று தமிழ்நாட்டில் அவற்றைப் பார்க்க நீலகிரி அடிவாரத்து மோயாற்றுப் பக்கம் போக வேண்டும்.

மாட்டுக்கு வலிக்காகப் போடும் டைக்ளோஃபினாக்தான், செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொல்கிறது என்பது 2004இல் தெரியவந்தது. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தை இந்தியா தடை செய்தது. ஆய்வாளர்கள் சிலர் அதோடு வீட்டுக்குப் போய்விடவில்லை. 11 மாநிலங்களில் 250க்கும் மேற்பட்ட மருந்துக்கடைகளுக்குப் போய், மாட்டுக்கு வலி மருந்து வேண்டும் என்று கேட்டார்கள். 36 சதவீதக் கடைகளில் டைக்ளோஃபினாக் இருந்தது. மனிதர்களுக்கென்று விற்ற 30 மில்லி குப்பி மாட்டுக்கும் தோதாக இருந்ததே காரணம். 2015இல் மனிதர்களுக்கான ஊசிமருந்தை 3 மில்லி குப்பியில்தான் விற்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. கம்பெனிகள் வழக்குப் போட்டன. 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவை உறுதிசெய்தது.

குப்பியின் அளவு, செந்தில்! கடைப்படி ஏறாமல் இது யாருக்குத் தெரிந்திருக்கும்? மாட்டுக்காரருக்குப் பாறுகள் மேல் என்ன பகை? படுத்த மாடு எழுந்தால் போதும் அவருக்கு. அவருக்குச் சூழலியல் பாடம் எதற்கு? பாறுகளுக்குக் கெடுதல் செய்யாத மெலாக்சிகாம் என்ற வலி மருந்து அவர் போகும் கடையில், அவருக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கிறதா என்று போய்ப் பாருங்கள். உரம் விஷயத்திலும் இதே கதைதான். எவ்வளவு மூட்டை போட வேண்டும் என்று விவசாயிக்குச் சொல்வது பல ஊர்களில் உரக்கடைக்காரர். அவரோடு ஒரு டீ குடித்திருக்கிறீர்களா?

நீங்கள் கெட்டிக்காரர், கடிதத்திலேயே தெரிகிறது. அதனால்தான் இத்தனை திட்டு. மூன்று கட்டுரையின் தலைப்பையும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஏரி எந்த ஊரில் என்று எழுதவில்லை. அங்கே மடை திறப்பது யார், மீன் குத்தகை யாரிடம், உரக்கடை எத்தனை என்று விசாரித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.