மக்கள் ஊடகம் என்றால் என்ன? இலங்கை மலையகத்தில் நடேசய்யரை ஏன் அதன் முன்னோடியாக மதிக்கிறார்கள்?

ஒரு சமூகம் தன் பாடுகளைத் தானே சொல்லும் ஊடகம்தான் மக்கள் ஊடகம். லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பீலிக்கரையில், அதாவது தண்ணீர் பிடிக்கும் இடத்தில், நடக்கும் பேச்சு மாதிரி, சொல்பவரும் கேட்பவரும் ஒரே சனம்.

வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் தேயிலைத் தோட்டத்துக்குள் துரையும் (தோட்ட நிர்வாகி) கங்காணியும் (தொழிலாளர்களை மேய்ப்பவர்) வைத்ததே சட்டம். வெளியாள் நுழைவதே கஷ்டம். கோ. நடேசய்யர் புடவை வியாபாரியாக உள்ளே போய் நிலைமையைப் பார்த்தார், அப்புறம் எழுதினார். வாசிக்கத் தெரியாதவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காக மனைவி மீனாட்சி அம்மாள் துயரங்களைப் பாட்டாகக் கட்டிப் பாடினார். அந்தப் பாட்டும் ஊடகம்தான். நடேசய்யரை நினைவுகூரும்போது அந்த அம்மாவை விட்டுவிடுவது பெரிய அநியாயம்.

நடேசய்யர் தொழிற்சங்கவாதி, பத்திரிகை பக்கவேலை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அவருடைய ‘தேசபக்தன்’ பத்திரிகை 1924இலேயே வந்துவிட்டது. ஹட்டனில் அவர் தோட்டத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது 1931இல்தான்.