ஆமைப் பெட்டியில் சூடும் ஈரமும்: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். குளிர்காலம் வந்துவிட்டது, வீட்டில் ஹீட்டர் ஓடுகிறது, ஆமைப் பெட்டிக்குள் ஈரப்பதம் விழுந்துவிட்டது. எழுதும்போது மூன்றை மறக்காமல் சொல்லுங்கள்: என்ன இனம், என்ன வயது, இராத்திரியில் பெட்டிக்குள் எத்தனை டிகிரி. பகல் சூட்டை எல்லோரும் எழுதுகிறார்கள், இராத்திரிக் கணக்கை எழுதுபவர் பத்தில் ஒருவர்கூட இல்லை.

தினமும் ஐந்தாறு தடவை ஸ்பிரே அடிக்கிறேன். ஈரப்பதம் 80 சதவீதம் வரை ஏறுகிறது, அரை மணியில் 30க்கு வந்துவிடுகிறது. வேறு என்ன செய்வது? (லண்டன், ஈஸ்ட்ஹாம்)

ஸ்பிரே நனைப்பது மேல்பரப்பை மட்டும். விளக்குச் சூட்டில் அது காயத்தான் செய்யும். வெளியே 5 டிகிரி, ஈரப்பதம் 85 என்று வையுங்கள். அதே காற்று வீட்டுக்குள் வந்து 20 டிகிரிக்குச் சூடானால் ஈரப்பதம் 30 சொச்சம். உங்கள் விளக்குக்குக் கீழே 30 டிகிரி ஆகும்போது 20க்கும் கீழ். காற்றில் இருக்கும் தண்ணீர் அதேதான், சூடு ஏற ஏற அது போதாமல் போகிறது. நீங்கள் கைவலிக்க ஸ்பிரே அடித்தாலும் அந்தக் காற்று திறந்த மேல்பக்கம் வழியாகப் போய்விடும், அறையின் வறண்ட காற்று உள்ளே வரும்.

அதனால் முதலில் மேல்பக்கத்தை மூடுங்கள். முக்கால் பாகத்துக்கு மேல் மூடி இருக்க வேண்டும். விளக்குகள் மூடிக்கு உள்ளே வருமாறு அமைத்தால் இன்னும் நல்லது. வலைக்கு மேலே விளக்கு வைத்தால் அதன் சூடே காற்றை மேலே இழுத்துக்கொண்டு போகும்.

அடுத்தது தரை. பத்து, பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தென்னை நார்த்தூள் போடுங்கள், மேலே ஆர்க்கிட் பட்டை (ஆர்க்கிட் செடி வளர்க்கப் போடும் மரப்பட்டைத் துண்டு). நார்த்தூள் என்றால், இங்கே கடைகளில் செங்கல் மாதிரி அழுத்தி விற்கிறார்களே அதுதான். அதில் எவ்வளவோ நம்ம பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கப்பல் ஏறி வருவது. உப்புப் போகக் கழுவியதா என்று பார்த்து வாங்குங்கள், சந்தேகமாக இருந்தால் இரண்டு தண்ணீரில் அலசிப் பிழியுங்கள். பிறகு ஸ்பிரேயை ஓரமாக வைத்துவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரை நாலு மூலையிலும் ஊற்றுங்கள். அடி ஈரமாகவும் மேல் காய்ந்தும் இருக்க வேண்டும். கையில் ஒரு பிடி அள்ளி அழுத்தினால் உருண்டையாக நிற்கணும், தண்ணீர் சொட்டக் கூடாது. மேல்பரப்பு எந்நேரமும் நசநசவென்று இருந்தால் ஆமையின் அடிப்பக்க ஓடு அழுக ஆரம்பிக்கும்.

ஒன்றை எப்போதும் சொல்வேன், இப்போதும் சொல்கிறேன்: ஈரத்தைக் கூட்டுகிறவர் இராத்திரிச் சூட்டைக் குறைக்கக் கூடாது. ஈரமும் சூடும் ஆமைக்கு நல்லது. ஈரமும் குளிரும் சேர்ந்தால் நுரையீரல் போய்விடும்.

இரவில் சிவப்பு விளக்கு எரியவிடலாமா?

கூடாது. ஆமைக்குச் சிவப்பு நன்றாகவே தெரியும், தூக்கம் கெடும். வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர் வாங்குங்கள். பீங்கான் ஹோல்டரில்தான் மாட்ட வேண்டும், பிளாஸ்டிக் உருகும். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஒரு நாளும் போடாதீர்கள். கிளிப்பை மட்டும் நம்பி விளக்கைத் தொங்கவிடாதீர்கள், சங்கிலியில் மாட்டுங்கள். காய்ந்த பட்டையில் விழுந்தால் வீடே பற்றும்.

அடியில் ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு) வைத்தால் தரை சூடாக இருக்குமே?

காட்டில் சூடு மேலிருந்து வருகிறது. சூடு தாங்காவிட்டால் ஆமை மண்ணைத் தோண்டிக் கீழே போகும். நீங்கள் கீழேயே சூட்டை வைத்தால் அது எங்கே போகும்? வேண்டாம்.

எங்கட சல்காட்டாக் குட்டிக்கு மூண்டு மாசம். இது பாலைவனத்து ஆமை, ஈரம் பட்டால் சளி பிடிக்கும், தண்ணி வைக்க வேண்டாம் எண்டு வித்தவர் சொன்னவர். இப்ப முதுகில கூர் கூரா எழும்புது. கல்சியம் காணாதோ? (லண்டன், ஹாரோ)

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. வரும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. உங்கள் மேல் கோபமில்லை. முப்பது வருடத்துக்கு முந்தைய தப்பை இன்றும் அப்படியே சொல்லி விற்கிறார்களே, அவர்கள் மேல்தான்.

சல்காட்டா சகாராவின் தென்விளிம்பில், செனகலிலிருந்து எத்தியோப்பியா வரைக்கும் நீளும் சாஹேல் நிலத்தில் வாழும் ஆமை. மேலே 40 டிகிரி வெயில் அடிக்கும்போது அது வெயிலிலா நிற்கிறது? பல அடி ஆழத்துக்கு வளை தோண்டி உள்ளே கிடக்கிறது. வளைக்குள் மண் ஈரமாக இருக்கும், காற்று புழுக்கமாக இருக்கும். பாலைவனத்து ஆமை என்பவர்கள் வளைக்கு வெளியே இருக்கும் நிலத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள். குஞ்சு முக்கால்வாசி நேரம் மறைந்தே இருக்கும், அது மறையும் இடமெல்லாம் ஈரம்தான்.

முதுகில் எழும்புவது பிரமிடிங், அதாவது ஓடு பிரமிடு மாதிரி மேடு மேடாக எழும்புவது. ஓட்டில் இருக்கும் ஒவ்வொரு கட்டமும் தன் ஓரத்தில்தான் வளரும். வறண்ட காற்றில் அந்தப் புது ஓரம் சீக்கிரம் இறுகிவிடுகிறது, அகலமாகப் பரவ முடியாமல் வளர்ச்சி கட்டத்தை மேலே தள்ளுகிறது என்பதுதான் அனுபவசாலிகள் தரும் விளக்கம். முன்பெல்லாம் புரதம் கூடிப்போச்சு என்று சாப்பாட்டின் மேல் பழி போட்டார்கள். 2003இல் வீஸ்னர், இபென் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், 50 சல்காட்டாக் குஞ்சுகளைப் பிறந்ததிலிருந்து ஐந்து மாதம் வெவ்வேறு ஈரத்திலும் வெவ்வேறு புரத அளவிலும் வளர்த்துப் பார்த்தார்கள். வறண்ட இடத்தில் வளர்ந்தவைக்கு மேடு உயரமாக வந்தது. புரதத்தின் பங்கு அற்பம். ஆய்வு வந்து இருபது வருடம் தாண்டிவிட்டது, கடைகளுக்கு மட்டும் சேதி போய்ச் சேரவில்லை.

என் முதல் சல்காட்டாவையும் இப்படித்தான், விற்றவர் பேச்சைக் கேட்டு, வைக்கோல் போட்ட திறந்த பெட்டியில் இரண்டு வருடம் வளர்த்தேன். இன்றைக்கு அவன் முதுகில் விரலை வைத்தால் நடுவில் முட்டு முட்டாக மேடு இடிக்கும், விரலை ஓரத்துக்கு நகர்த்தினால் சட்டென்று சமமாகிவிடும். அந்த இடத்தில்தான் நான் பெட்டியை மாற்றினேன். சமமான வளர்ச்சி அதற்குப் பிறகு வந்தது. பழைய மேடு மட்டும் இறங்கவே இல்லை, இறங்கவும் செய்யாது.

எனவே இன்றே மாற்றுங்கள். மூடிய பெட்டி, ஈரத் தரை, ஈரப்பதம் 80 பக்கம். விளக்குக்குக் கீழே 35 முதல் 37 டிகிரி. மற்ற எந்த மூலையிலும், எந்த நேரத்திலும் 26க்குக் கீழே போகக் கூடாது. இராத்திரியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆழமில்லாத மண்தட்டில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும். தினமும் அரை மணி, மேலோடும் அடியோடும் சேரும் விளிம்பு வரைக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார வையுங்கள், ஆறினால் மாற்றுங்கள். மூத்திரத்தோடு வரும் வெள்ளையைப் பாருங்கள். பற்பசை மாதிரி குழைவாக இருந்தால் சரி. மணல் மாதிரி நெருநெருத்தால் உடம்பில் தண்ணீர் இல்லை என்று அர்த்தம், இப்படியே விட்டால் மூத்திரப்பையில் கல் கட்டும். கால்சியமும் யூவிபியும் (வெயிலில் உள்ள ஒரு வகைப் புற ஊதாக் கதிர்) தேவைதான். ஆனால் நீங்கள் கேட்ட நோய்க்கு மருந்து அது இல்லை.

ஈரப்பதம் அளக்க இரண்டு ஹைக்ரோமீட்டர் வைத்திருக்கிறேன். ஒன்று 55, இன்னொன்று 80. எதை நம்புவது?

இரண்டையும் நம்பாதீர்கள், சோதியுங்கள். சோடா மூடியில் தூள் உப்பு போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டுச் சேறு மாதிரி ஆக்குங்கள். உப்பு கரைந்துவிடக் கூடாது. மூடியையும் மீட்டரையும் ஜிப் பையில் வைத்து, காற்றைப் பிதுக்காமல் மூடி, ஒரு இராத்திரி விடுங்கள். உள்ளே ஈரப்பதம் 75க்கு வந்து நிற்கும். உங்கள் மீட்டர் 68 காட்டினால் ஏழைக் கூட்டிக்கொள்ளுங்கள். முள் வைத்த வட்ட மீட்டர் என்றால் சோதிக்கவே வேண்டாம், தூக்கிப் போடுங்கள். அளப்பது ஆமையின் முதுகு உயரத்தில், சூடான பக்கத்தில் ஒன்று, குளிர்ந்த பக்கத்தில் ஒன்று.

மூக்கில் குமிழ் வருகிறது, வாயைத் திறந்து மூச்சு விடுகிறது. ஈரத்தைக் குறைத்தால் சரியாகுமா?

மருத்துவரிடம் போங்கள், ஊர்வன பார்க்கிறவரிடம், நாளைக்கே. அதுவரை இராத்திரியும் 28 டிகிரிக்குக் குறையாமல் வையுங்கள். இராத்திரி அளவை நீங்களும் எழுதவில்லை. குளிர்தான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

பெர்லினில் இருக்கிறேன். வளர்ந்த ஹெர்மன் ஆமை. இதற்கும் 80 வேண்டுமா?

வேண்டாம். மத்தியதரைக்கடல் ஆமை, அதுவும் வளர்ந்தது. 50, 60 போதும், ஒளியும் இடத்தில் மட்டும் ஈரமான மண். இரவில் 15, 16 வரை இறங்கினாலும் தாங்கும், பெட்டி காய்ந்திருந்தால்.

சென்னை அண்ணா நகர். சல்காட்டாவை என் படுக்கையறையில் வைத்திருக்கிறேன். ஏசி 22இல் ஓடும். ஊரே வெக்கையாக இருப்பதால் விளக்கு எதுவும் வைக்கவில்லை.

ஊர்தான் வெக்கை, உங்கள் அறை இல்லை. ஏசி சூட்டையும் எடுக்கிறது, ஈரத்தையும் எடுக்கிறது. வெளியே 30 டிகிரியும் 70 சதவீத ஈரமும் சும்மா கிடைக்கிற ஊரில், அதைக் காசு கொடுத்து உலர்த்திய அறையில் வைத்திருக்கிறீர்கள். ஏசி இல்லாத அறைக்கு மாற்றுங்கள். காலை வெயிலுக்கு வெளியே விடுங்கள், பாதி இடம் நிழல் இருக்கட்டும். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் கணக்கில் சேராது, யூவிபியைக் கண்ணாடி விடாது. வெளிநாட்டு இன விலங்குகளைப் பதிவு செய்யும் அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்துவிட்டீர்களா? எழுதவில்லை. இல்லையென்றால் அந்த வேலையை முதலில் முடியுங்கள்.

மதுரையிலிருந்து: தோட்டத்தில் கிடைத்த நட்சத்திர ஆமைக்கு எத்தனை வாட் விளக்கு?

எந்த விளக்கும் வேண்டாம், அதை வனத்துறையிடம் ஒப்படையுங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது முதல் அட்டவணை விலங்கு, வீட்டில் வைத்திருந்தால் 3 வருடம் முதல் 7 வருடம் வரை சிறை. காட்டில் பிடித்தவற்றின் பன்னாட்டு வணிகத்துக்கும் 2019 முதல் தடை. நீங்களாகவே ஏதாவது காட்டில் கொண்டுபோய் விடவும் வேண்டாம், வீட்டில் இருந்த ஆமை நோயைக் காட்டுக்குள் கொண்டு போகலாம். காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில், நிழலில் வைத்து, பக்கத்து வனச்சரக அலுவலகத்துக்கு இன்றே போன் செய்யுங்கள்.

கடிதம் எழுதாமல் படம் மட்டும் அனுப்பியவருக்கு:

உங்கள் ஹைக்ரோமீட்டர் விளக்குக்கு நேர் கீழே, கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. அது 28 காட்டுவதில் ஆச்சரியமில்லை. எடுத்து எதிர்மூலையில் தரையோடு வையுங்கள். ஒரு நாள் முழுக்க மூன்று மணிக்கு ஒரு தடவை குறித்து, இனத்தையும் வயதையும் சேர்த்து அனுப்புங்கள். விடியற்காலை 4 மணி அளவும் வேண்டும்.