தாரமங்கலம் கோயிலில் யாளி வாய்க்குள் கல் உருண்டை எப்படிப் போனது?

அது உள்ளே போகவே இல்லை, அங்கேயே பிறந்தது. சேலத்துக்காரர்கள் பள்ளிச் சுற்றுலாவில் ஒரு முறையாவது கைலாசநாதர் கோயில் யாளியின் வாய்க்குள் விரலை விட்டு அந்த உருண்டையை உருட்டிப் பார்த்திருப்போம். உருளும், ஆனால் வெளியே வராது. பல் இடுக்கைவிட உருண்டை பெரிது.

யாளியும் உருண்டையும் ஒரே கல். முதலில் வாயைத் திறந்த மாதிரி செதுக்கி, நடுவில் ஒரு கல் கட்டியை மட்டும் விட்டுவைப்பார்கள். அப்புறம் பற்களின் இடைவெளி வழியாகவும் வாயின் இரு பக்கங்களிலும் மெல்லிய உளியை விட்டு, அந்தக் கட்டியைச் சுற்றியுள்ள கல்லைத் துளித்துளியாகத் தட்டி எடுக்க வேண்டும். கடைசி ஒட்டு அறுந்ததும் உருண்டை தனியாகிவிடும். கருங்கல் என்பதால் ஓங்கி அடிக்க முடியாது. ஒரு பல் தெறித்தால் மொத்த வேலையும் போச்சு. அங்குள்ள கல் சங்கிலியும் இதே கணக்குதான்: வளையங்களைக் கோக்கவில்லை, ஒரே கல்லில் குடைந்து பிரித்திருக்கிறார்கள்.

இன்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதி, இந்தப் பகுதியை ஆண்ட குறுநிலத் தலைவர்களான கெட்டி முதலிகள் காலத்து வேலை. இடைக்காலத்தின் கடைசிக் கட்டம், 17ஆம் நூற்றாண்டு வரை வருகிறது.

என்னைக் கேட்டால் உருண்டையைவிட வாலி சிற்பம்தான் பெரிய வித்தை. ராமர் தூணருகே நின்றால் வாலி தெரிவான். வாலி பக்கம் போய் நின்று பாருங்கள், ராமர் தெரியமாட்டார்.